மாப்பிள்ளை கை வைத்த வைஃபை

ஒரு வீட்டுக்குப் புது மாப்பிள்ளையாகப் போகிறவனுக்கு யாரும் எச்சரிக்காத ஆபத்து ஒன்று உண்டு. அவன் என்ன செய்தாலும் தடுக்க மாட்டார்கள். கிழக்கே கையைக் காட்டி மேற்கு என்றாலும், "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தலையாட்டுவார்கள். கொஞ்சம் புத்தி உள்ளவன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பான். நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

கல்யாணமாகி முதல் வருடம். ஆயுத பூஜைக்காக ஸ்ரீரங்கத்தில் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தோம். எனக்கு மன்னார்புரத்தில் ஒரு இரும்புக் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. அதைக் கம்ப்யூட்டரில் எழுதுகிறேன் என்ற ஒரே காரணத்துக்காக, "மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல இருக்காரு" என்று மாமனார் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நானும் திருத்தவில்லை. (கௌரவம் தானாக வந்து மடியில் விழும்போது யார் வேண்டாம் என்பார்கள்?)

மறுநாள் விஜயதசமி. அன்று காலை பதினொரு மணிக்கு என் மச்சினி கயலுக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. வெளிநாட்டுக் கம்பெனி, அவர்களுக்கு விஜயதசமியெல்லாம் தெரியாது. படிப்பு முடிந்து ரொம்ப நாளாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். இதுவும் கைகூடவில்லை என்றால் துறையூர்ப் பக்கத்து வரன் ஒன்றைப் பேசி முடித்துவிடுவதாக மாமனார் சொல்லியிருந்தார். கயலுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

அவளுடைய பழைய லேப்டாப்பை முதல் நாள் பூஜையில் வைத்திருந்தார்கள். மாமியார் அரிவாள்மனைக்கு வைத்த அதே தாராளத்தோடு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். காலையில் மறுபூஜை முடிந்து எடுத்தபோது மூடியிலும் ஓரத்திலும் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது.

"குடு கயலு, உள்ள ஈரம் போனா அவ்வளவுதான். நானே துடைக்கிறேன்" என்று வாங்கினேன். நன்றாக அழுத்தித் துடைத்தேன். பளபளவென்று ஆனது. ஆன் செய்தால் நெட் வரவில்லை.

"ரவுட்டர்தான் கோளாறு" என்றேன், ரவுட்டரைப் பார்க்காமலே. அதை அணைத்துப் போட்டேன், பலனில்லை. என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். லேப்டாப்பின் கண்ணில் அதுவும் படவில்லை. கோளாறு கண்டுபிடிக்கும் பட்டனை அழுத்தினேன். 'வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறது, ஆன் செய்யவும்' என்று அந்த லேப்டாப்பே சொன்னது.

"இது எப்பவும் இப்படித்தான் ஏதாவது சொல்லும்" என்று அதை மூடினேன்.

"மாமா, அந்த ஓரத்துல சின்னதா ஒரு சுவிட்ச் இருக்கு…" என்று கயல் ஆரம்பித்தாள்.

"சும்மா இருடி. மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்காருல்ல" என்றார் மாமியார்.

"இல்லம்மா, துடைக்கிறப்ப அது…"

"குறுக்க பேசாதம்மா. அவருக்குத் தெரியாததா?" என்றார் மாமனார்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

"அத்தை, ஒரு ஊக்கு இருந்தா குடுங்க" என்று கேட்டேன். மாமியார் வளையலிலிருந்து கழற்றிக் கொடுத்தார். ரவுட்டரின் பின்பக்கத்துத் துளையில் அதைக் குத்தி, விளக்கெல்லாம் அணையும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். கேபிள்காரர் செய்து வைத்திருந்த செட்டிங் முழுவதும் அதில் அழிந்தது. அதுவரை ஒழுங்காக நெட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவியும் நின்றது.

"இப்பதான் வழிக்கு வருது" என்றேன்.

"அப்படித்தான் தெரியுதுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார், இருண்டுபோன டிவியைப் பார்த்தபடி.

மணி பதினொன்றை நெருங்கிவிட்டது. கயலின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. லேப்டாப் என் மடியில் இருந்தது. மாப்பிள்ளை மடியிலிருந்து எதையும் பிடுங்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த என் மனைவி மாலதி கரண்டியோடு வந்தாள். அந்த வீட்டில் எனக்கு மரியாதை தரவேண்டிய கட்டாயம் இல்லாத ஒரே ஆள். தங்கை முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எந்திரிங்க."

எழுந்தேன். லேப்டாப் கயல் கைக்குப் போனது. அவள் ஓரத்திலிருந்த சுவிட்சை நகத்தால் ஒரு தள்ளு தள்ளினாள். நீல விளக்கு எரிந்தது. சந்தனத்தைத் துடைத்த வேகத்தில் நானே அணைத்துவிட்ட சுவிட்ச் அது.

அதற்குள் ரவுட்டரின் கதையைத்தான் நான் முடித்திருந்தேனே! வீட்டில் மற்ற போன்களெல்லாம் வைஃபையை நம்பியே ஓடுபவை; மிஞ்சியது என் போன் மட்டும்தான். அதற்கும் பால்கனியில்தான் சிக்னல் கிடைக்கும்.

"போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அங்க போய் நில்லுங்க. அசையக் கூடாது" என்றாள் மாலதி.

வெயிலில் நின்றேன். உள்ளே பேசுவதெல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்டது. தட்டுத்தடுமாறி ஆரம்பித்த கயல் மெல்லச் சமாளித்துக்கொண்டாள். அப்புறம் ஒரு அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்களைவிட மூத்தவர் தவறு செய்கிறார், நேரமும் இல்லை. இப்படி ஒரு நிலைமையைச் சந்தித்திருக்கிறீர்களா?"

கயல் கொஞ்சம் யோசித்தாள். பிறகு நடந்ததை அப்படியே சொல்லிவிட்டாள். சந்தனம், சுவிட்ச், ஊக்கு, டிவி, ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. பெயரை மட்டும் சொல்லாமல், 'எங்கள் குடும்பத்தில் மிகவும் மரியாதைக்குரிய ஒருவர்' என்றாள். லேப்டாப்புக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"அவர் இப்போது எங்கே?" என்று யாரோ கேட்டார்.

"பால்கனியில் நிற்கிறார். இப்போது எங்கள் நெட்வொர்க்கே அவர்தான்."

மானம் போயிற்று. கோபமும் வந்தது. போனை அணைத்தால் அந்தக் கதை அங்கேயே நின்றுவிடும்; விரலும் பட்டன் மேலேதான் இருந்தது. ஆனால் கயல் குரலில் காலையிலிருந்து இருந்த நடுக்கம் அப்போது இல்லை. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

வேலை கிடைத்தது. துறையூர் வரன் வேறு இடம் பார்த்துக்கொண்டது. கயல் இப்போது அந்தக் கம்பெனியின் சென்னை ஆபீஸில் இருக்கிறாள். சமீபத்தில் அந்தப் பக்கம் போனபோது அவளைப் பார்க்கச் சென்றேன். "எங்க மாமா, திருச்சிலேருந்து வந்திருக்காரு" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் அறிமுகப்படுத்தினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் எழுந்து, "வணக்கம் சார், உங்களைப் பத்தி நிறைய கேள்விப்பட்டிருக்கோம்" என்று கும்பிட்டாள். பிறகு தன் லேப்டாப்பை மூடி, டிராயருக்குள் வைத்துப் பூட்டினாள்.