கீறல் விழாத வண்டி

"வித்துடறேன்! போதுமா?"

கண்ணாடிக்காரர் இப்படிச் சபதம் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அவர் கையில் துடைக்கிற துணி. எதிரில் மனைவி. அவள் இடுப்பில் நாலு வயசுப் பெண். நடுவில், வாசலை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு, சண்டைக்குக் காரணமான டீசல் பிக்கப் வண்டி.

அதற்குப் பத்தொன்பது வயசு. பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். நேற்றுத்தான் கடையிலிருந்து இறக்கியது போல நிற்கும். இவர் ஒரு கடையில் கண்ணாடி அறுக்கிறவர். நாள் முழுக்கக் கீறல் பார்த்துப் பார்த்தே பழகிய கண். கண்ணாடி ஏற்றலாம், வாடகை மிச்சம் என்று சொல்லித்தான் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வண்டியை வாங்கினார். வாங்கி வந்த அன்று சாயங்காலம் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அன்றோடு போச்சு. கண்ணாடி ஏற்றினால் கீறல் விழும். ரோட்டில் எடுத்தால் கல் தெறிக்கும். மழை வந்தால் நனையும். அதனால் வண்டிக்கு ஒரு தகர ஷெட் போட்டு நிறுத்திவிட்டு, அவர் பஸ்ஸில் வேலைக்குப் போனார். மழை நாளில் அவர் நனைந்துகொண்டு வந்து, நனையாத வண்டியைத் துடைப்பார்.

மனைவி தையல்காரி. லாட்ஜுகளுக்குத் திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்துக் கொடுக்கிறவள். அவளைக் கெஞ்சி வண்டிக்கும் உறை தைக்க வைத்தார். ஸ்டியரிங்குக்கு ஒன்று. கியருக்கு ஒன்று. சீட்டுக்கு ஒன்று. மீட்டர் பலகைக்குக்கூடப் பட்டன் வைத்து ஒரு உறை. டீசல் முள் மட்டும் தெரிகிற மாதிரி அதில் ஒரு சின்ன ஜன்னல். எல்லாத்துக்கும் மேலே ஒரு தார்ப்பாய். அந்த வீட்டில் குழந்தைக்குக்கூட அத்தனை சட்டை கிடையாது.

அப்போதே அவள் கேட்டாள். "சும்மாதானே நிக்குது? என் மூட்டைய நானே லாட்ஜுல போட்டுட்டு வரேனே. எங்கப்பா லாரி டிரைவர். எனக்கு லைசென்ஸ் இருக்கு."

"மூட்டையா? இதுலயா?" என்று அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. "உன் மூட்டையெல்லாம் எப்படிப் போகுது?" என்று ஒருநாள் இவர்தான் கேட்டார். "வண்டியிலதான் போகுது" என்றாள். லாட்ஜ்காரர்கள் வண்டி அனுப்புகிறார்கள் போல என்று அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிறு தவறாமல் தார்ப்பாயை விலக்கி, வண்டியை நிறுத்தின இடத்திலேயே பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பார். அரைச் சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டு டியூஷன் டீச்சரக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

"தம்பி! முள்ளு எங்க நிக்குது?"

"முழுசாவே நிக்குதுக்கா! ரெண்டு வருஷம் முன்னாடி ஊத்தின டீசல். வாராவாரம் ஸ்டார்ட் பண்றேன். ஒரு மயிரிழை இறங்கல! இதுதான் பழைய இன்ஜினோட கெத்து!"

டீச்சரக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். பக்கத்து வீட்டு மாடியிலும் யாரோ இருமுவார்கள். தெருவே தன் வண்டியைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறது என்று இவருக்கு அப்படியொரு பெருமை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி திடீரென்று இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள்.

"ஏங்க, ஒண்ணு இதை ஓட்டுங்க. இல்ல, வித்துடுங்க. வீட்டுக்குள்ள வர்றதுக்கு நான் நண்டு மாதிரி பக்கவாட்டுல நடக்க வேண்டியிருக்கு."

ஓட்டினால் கீறல். அதனால்தான் அந்தச் சபதம். ஆனால் சபதம் போட்ட வாய் மூடுவதற்குள் மனசில் திட்டம் தயார். விற்கிறேன் என்றுதானே சொன்னோம், யாருக்கு என்று சொல்லவில்லையே. வருகிறவனை எல்லாம் விரட்டிவிட்டால், 'நான் என்னம்மா பண்றது, ஆளே சரியா அமையல' என்று கையை விரித்துவிடலாம். சொல்லும் காப்பாற்றியாச்சு, வண்டியும் காப்பாற்றியாச்சு. தன் மூளையை நினைத்து அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

முதலில் ஒரு செங்கல் வியாபாரி வந்தார்.

"தினமும் வண்டிய யார் துடைப்பாங்க?" என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர்.

"துடைக்கிறதா? செங்கல் ஏத்தற வண்டிய எவனாவது துடைப்பானா?"

"ராத்திரி எங்க நிக்கும்?"

"எங்க இடம் இருக்கோ அங்க."

"வெட்டவெளியிலயா! சரிங்க, பதில் சொல்லி அனுப்பறேன்."

செங்கல்காரர் தலையைச் சொறிந்துகொண்டு மனைவியிடம் கேட்டார். "ஏம்மா, நான் வண்டி கேட்டு வந்தேனா, பொண்ணு கேட்டு வந்தேனா?"

அடுத்து வந்தவர் மீன் வியாபாரி. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. அவர் டயரைத் தொடுவதற்குள் கண்ணாடிக்காரர் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டார்.

"என்னங்க, வித்துப் போயிருச்சா?"

"இல்ல. தூங்குது."

மனைவி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து நூலைக் கோர்த்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பைப் பார்த்து இவர் கொஞ்சம் உஷாராகி இருக்கலாம். ஆகவில்லை.

மூன்றாவதாக ஒரு மெக்கானிக் வந்தார். இளவயசு. நகமெல்லாம் கறுப்பு. வந்ததும் விலை கேட்கவில்லை. பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு பாட்டு கேட்கிற மாதிரி கேட்டார். கண்ணாடிக்காரருக்கு அந்த ஆளைப் பிடித்துப் போய்விட்டது. அதுவே ஆபத்து என்று ஒரு முகச்சுளிப்பையும் தயார் பண்ணி வைத்தார்.

மெக்கானிக் கிளட்சை ரெண்டு தடவை மிதித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இன்ஜின் தங்கம்ணே. ஆனா கிளட்ச் போயிருச்சு."

"என்னது?"

"கிளட்ச் தேஞ்சிருச்சுண்ணே. இப்படியே ஓட்டினா பாதி ரோட்டுல நின்னுடும்."

திட்டப்படி பார்த்தால் இது ஜாக்பாட். 'ஆமாப்பா, ஓட்டை வண்டி, வேற இடம் பாரு' என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தன் வண்டியைக் குறை சொல்லி இன்னொருத்தன் நிற்கும்போது அவர் நாக்கு அவர் பேச்சைக் கேட்குமா?

"யோவ்! ரெண்டு வருஷமா நிக்கிற வண்டிய்யா! நிக்கிற வண்டிக்கு எப்படிய்யா கிளட்ச் தேயும்?"

"அதான் எனக்கும் தெரியல. பிரிச்சுப் பாத்தாதான் சொல்ல முடியும்."

"பிரி! நல்லா பிரி! கொண்டுபோ உன் பட்டறைக்கு! ரெண்டு நாள் வச்சுப் பாரு! கிளட்ச் தேஞ்சிருந்தா என் ஒரு பக்க மீசைய எடுத்துடறேன்!"

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவர் காதில் விழுந்தது. அதற்குள் மெக்கானிக் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மனைவி குழந்தையின் கையைப் பிடித்து வண்டிக்கு டாட்டா காட்ட வைத்தாள்.

அந்த ரெண்டு நாளும் வீடு வீடாக இல்லை. வேலை முடிந்து வந்ததும் கண்ணாடிக்காரர் காலி ஷெட்டுக்குள் போய் நிற்பார். கையில் துணி இருக்கும். துடைக்க எதுவும் இருக்காது. ஷெட்டுத் தூணைத் துடைப்பார். கடையில் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியை அளவு தப்பி அறுத்துவிட்டார். அந்த மெக்கானிக்குக்குப் பிடித்துப் போய்விட்டால்? 'கிளட்ச் நல்லாத்தான் இருக்கு, எடுத்துக்கறேன்' என்று சொல்லிவிட்டால்? வாய்க்கொழுப்பால் வண்டி போச்சே என்று சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"சாப்பிடுங்க. வித்தா விக்கட்டும், நீங்கதானே சொன்னீங்க" என்றாள் மனைவி.

"யாரு இல்லன்னது?" என்றார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் செருப்பில்லாமல் ஓடினார். வண்டி வந்து நின்றது. மெக்கானிக் இறங்கி, மனைவி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி சொன்னார்.

"வேணாம்ணே. எனக்கு இது ஒத்து வராது."

கண்ணாடிக்காரருக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததோடு நிறுத்தியிருக்கலாம். வாயும் வந்துவிட்டது.

"பார்த்தியா! கிளட்சு போச்சுன்னியே! எங்கய்யா போச்சு? தொழில் தெரியாம ஸ்பேனர் பிடிச்சா இப்படித்தான்! டீச்சரக்கா, கேட்டீங்களா? இவரெல்லாம் ஒரு மெக்கானிக்கு!"

மெக்கானிக் பல்லைக் கடித்தார். மனைவி, 'விட்டுடு தம்பி' என்பது போலக் கண்ணைக் காட்டினாள். அவரும் விட்டுவிடத்தான் பார்த்தார்.

"காது கேக்கற மெஷின் வாங்கி மாட்டிக்கோய்யா!"

அவ்வளவுதான். மெக்கானிக் வண்டிக்குள் கையை விட்டு, வட்டமாக ஒரு பழைய தகட்டை எடுத்து நீட்டினார். பல வருஷம் போட்ட செருப்பு மாதிரி மழமழவென்று தேய்ந்திருந்தது.

"இதான் உங்க கிளட்ச் பிளேட்டு. புதுசு மாட்டியாச்சு. மன்னிச்சுக்கங்கக்கா, என்னை என்ன வேணா சொல்லட்டும், தொழிலச் சொன்னா என்னால தாங்க முடியாது! அண்ணே, நிக்கிற வண்டிக்கு இது தேயாது. மூட்டை ஏத்தி, மேடு ஏறி, நெரிசல்ல நின்னு நின்னு போனாத்தான் தேயும்."

சொன்ன வேகத்தில் மீட்டர் உறையின் பட்டன்களைப் படபடவென்று கழற்றினார். வண்டி வாங்கும்போது அறுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர். அதை மகள் பிறந்த தேதி மாதிரி மனப்பாடமாக வைத்திருந்தார் கண்ணாடிக்காரர். இப்போது மீட்டர் தொண்ணூற்றோராயிரத்தைத் தாண்டி நின்றது.

அவர் மீட்டரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். வீட்டில் மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்திருந்த திரைச்சீலைகளைப் பார்த்தார்.

"நீ... நீயா?"

"வாங்கும்போது ரெண்டு சாவி கொடுத்தாங்கல்ல?" என்றாள் அவள், ரொம்ப சாதுவாக. "ஒண்ணு உங்ககிட்ட இருக்கு."

"அப்ப அந்த டீசல்?"

"வாராவாரம் சனிக்கிழமை நான்தான் ஊத்துவேன். ஞாயித்துக்கிழமை நீங்க முள்ளு பார்ப்பீங்கள்ல, பாவம்."

மாடியில் டீச்சரக்கா இந்தத் தடவை தலைப்பை வாயில் வைக்கவில்லை. நேரடியாகவே சிரித்தார்.

"அப்ப விக்கணும்னு சண்டை போட்டது?"

"கிளட்சு மாத்த ரெண்டு நாள் பட்டறையில நிக்கணும்னு தம்பி சொல்லுச்சு. சாயங்காலம் நீங்க வந்தா ஷெட்டு காலியா இருக்குமே. என்ன சொல்றது? விக்கலாம்னு சொல்லி, வாங்க வந்தவன் வண்டியக் குறை சொன்னா, நீங்களே எடுத்துட்டுப் போன்னு கொடுத்துடுவீங்கன்னு தெரியும். கொடுத்தீங்க."

கண்ணாடிக்காரர் ஷெட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டார். ஒரு கை தானாகப் போய் மீசையின் ஒரு பக்கத்தை மூடிக்கொண்டது.

"மழையிலயுமா ஓட்டின?"

"லாட்ஜ்காரங்க மழைன்னா திரைச்சீலை வேணாம்னா சொல்லுவாங்க? நீங்க வர்றதுக்குள்ள துடைச்சுக் காய வச்சுடுவேன்."

"மார்க்கெட் சந்துல?"

"தினமும். ரிவர்ஸ்லயே வெளிய வருவேன். உங்க பொண்ணு ஜன்னல் பக்கம் பார்த்துச் சொல்லும்."

"நான் நல்லாப் பார்த்துச் சொல்லுவேன்ப்பா!" என்றது குழந்தை.

கோபம் வரும் என்று அவரே எதிர்பார்த்தார். வரவில்லை. கண் மட்டும் பழக்கத்தில் வண்டியைச் சுற்றி ஓடியது. கதவு, மட்கார்டு, பம்பர், பின் பலகை. ரெண்டு வருஷமாகத் தினமும் துடைத்த உடம்பு. இருபத்து மூவாயிரம் கிலோமீட்டர். மழை, சந்து, மூட்டை. ஆனால் ஒரு கீறல்? கண்ணாடி அறுக்கிற கண்ணுக்கு ரெண்டு வருஷத்தில் ஒன்றுகூடப் படவில்லை. நெஞ்சுக்குள் என்னவோ பொங்கி வந்தது. வண்டியைத் துடைக்கும்போது வருகிற பெருமைதான். ஆனால் அதைவிடப் பெரிசு.

"யோவ் மெக்கானிக்கு!" என்று கத்தினார். "பார்த்துக்கோய்யா! நான் நிறுத்தி வச்சுக் காப்பாத்தினேன்னு நினைச்சேன். என் பொண்டாட்டி ஓட்டிக்கிட்டே காப்பாத்தியிருக்கா! நான் ஒரு கண்ணாடிய எடுத்துட்டு நாலு தெரு தாண்டினா நாலு இடத்துல இடிப்பேன். டீச்சரக்கா, இறங்கி வாங்க! எங்கயாவது ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்! இந்த ஊர்ல இப்படி ஒரு டிரைவர் உண்டா?"

டீச்சரக்கா கை தட்டினார். மெக்கானிக் மீசைப் பந்தயத்தைப் பெருந்தன்மையாக மறந்தார். கண்ணாடிக்காரர் தன் கையாலேயே உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஸ்டியரிங்கைத் துணியால் ஒரு துடை துடைத்து, சாவியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மனைவியிடம் நீட்டினார்.

"இந்தாம்மா. இனிமே இந்த வண்டி உன்னோடது. ஒளிஞ்சு ஓட்ட வேணாம். ஒரு கீறல்கூட விழாம வச்சிருந்ததுக்கு இது என் பரிசு!"

அவள் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். குரலைத் தாழ்த்தி, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"ஒண்ணே ஒண்ணு விழுந்துச்சுங்க. இடது பக்கக் கதவுல, இடுப்பு உயரத்துல, நீளமா. அதே கலர் பெயிண்ட் வாங்கி நான் அன்னிக்கே பூசிட்டேன். நாளையிலேர்ந்து துடைக்கறப்ப மட்டும் உங்க பெல்ட்டைக் கழட்டி வச்சுட்டுத் துடைங்க."