கறுப்புத் துணிக்கு வெளியே ஒரு கொள்கைவாதி

நான் கொள்கையோடு வாழ்ந்தது மொத்தமாகப் பதினொரு நாட்கள். அதற்கு முன்னும் அப்படி வாழ்ந்ததில்லை, பின்னும் இல்லை. பன்னிரண்டாம் நாள் பின்னேரம் நாலரை மணிக்கு ஒரு வான் வண்டியின் கண்ணாடி கீழே இறங்கியது. அந்தக் கணத்தில் என் கொள்கை என்னை விட்டு இறங்கிப் போனது. எங்கே போனது என்று இன்றுவரை தகவல் இல்லை.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. வெள்ளவத்தையில் அம்மாவோடு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தேன். காப்புறுதிக் கம்பெனி ஒன்றில், இடிபட்ட கார்களின் படங்களைப் பார்த்து ‘சேதம் உண்மைதான்’ என்று எழுதுகிற வேலை. மற்ற நேரமெல்லாம் ஒரு வெளிநாட்டு ரொக் இசைக்குழுவின் பக்தனாக இருந்தேன். குழுவின் பெயரை எழுதப்போவதில்லை. (அவர்களிடம் நல்ல சட்டத்தரணிகள் இருப்பார்கள். என்னிடம் அக்கா மட்டும்தான் இருக்கிறாள்.) அந்தப் பாடகரின் பெரிய படம் ஒன்று என் அறைச் சுவரில் எட்டு வருடங்கள் தொங்கியது. நீண்ட நரைத்த முடி, நெஞ்சுவரை தாடி. அம்மா வெள்ளிக்கிழமைகளில் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டும்போது அந்தப் படத்துக்கும் காட்டுவார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

“ஆரோ சுவாமியார் எண்டெல்லோ நினைச்சன். நீ கண்ணை மூடிக்கொண்டு முன்னுக்கு நிண்டனி.”

அம்மா சொன்னதில் பெரிய பிழை இல்லை. அந்த மனிதர் பாடியதெல்லாம் மூடப்பட்ட தொழிற்சாலைகளைப் பற்றியும், கைவிடப்பட்ட சனங்களைப் பற்றியும்தான். பாட்டுக்கு வேலி கிடையாது என்பது அவர் பேட்டிகளில் அடிக்கடி சொல்கிற கருத்து. அப்படிப்பட்டவர் கொழும்புக்கு வருகிறார் என்று அறிவிப்பு வந்த அன்று, நான் அலுவலகக் கழிவறையில் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் டிக்கட் விலை வந்தது. திரும்பவும் அதே கழிவறைக்குப் போனேன்.

வைரம், தங்கம், வெள்ளி என்று மூன்று வகுப்பு. வெள்ளி என்றால் மைதானத்தின் கடைசியில் நின்றுகொண்டு, பாடகரைத் தீக்குச்சி அளவில் பார்க்கலாம். அதற்கே என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும். வைரம் என்றால் சோபா. சோபாவுக்குப் பக்கத்தில் சாப்பாடு. (ஏழைகளின் கண்ணீரைப் பற்றிய பாட்டை இறால் கடித்துக்கொண்டு கேட்கலாம்.) இதைவிட இடம் என்னைக் கொதிக்க வைத்தது. கடற்கரையோரமாக இருந்த ஒரு பொது மைதானம் அது. காலையில் வயதானவர்கள் நடப்பார்கள், பின்னேரம் பிள்ளைகள் கிரிக்கெட் அடிப்பார்கள், வாசலில் பெண்கள் இறால் வடை விற்பார்கள். அதை இரண்டு வாரத்துக்கு மூடி, வடைக்காரிகளைக் கிளப்பி, கம்பி வேலி முழுக்க ஆளுயரத்துக்கும் மேலாகக் கறுப்புத் துணி கட்டினார்கள். றோட்டில் போகிற எவனும் இலவசமாக ஒரு கண் பார்த்துவிடக் கூடாதாம்.

துணி கட்டிய அன்றிரவே சமூக வலைத்தளத்தில் எழுதினேன். ‘வேலியில்லாத பாட்டுக்கு வேலி கட்டியவர்கள்’ என்று தலைப்பு. அதுவரை என் பிறந்தநாளுக்கே நாற்பது பேருக்கு மேல் எட்டிப் பார்த்ததில்லை. இதை விடிவதற்குள் ஐந்நூறு பேர் பகிர்ந்திருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் என்னைத் தோழர் என்றார்கள். புகழ் தலைக்கேறியதில், ‘கச்சேரி நாளன்று மைதான வாசலில் மறியல் செய்வேன், வாருங்கள்’ என்றும் அறிவித்துவிட்டேன். வருவதாக அறுபத்து மூன்று பேர் சொன்னார்கள்.

வீட்டிலும் சொன்னேன். எங்கள் வீட்டுத் தமிழில் மறியல் என்றால் சிறை என்பதை அந்த உற்சாகத்தில் மறந்துபோனேன்.

“மறியலுக்குப் போகப் போறியோ?” அம்மா கையிலிருந்த அகப்பையோடு வந்தார். “நானாப் போறன் எண்டு சொல்லிப் போற முதல் ஆள் நீதான்ரா.”

“அந்த மறியல் இல்லையம்மா. இது போராட்டம்.”

“அதுக்குப் பிறகுதானே மற்றது வரும்!”

அம்மா உடனே கொட்டாஞ்சேனைக்குப் போன் போட்டு அக்காவிடம் என்னை ஒப்படைத்தார். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். துறைமுகத்தில் சாமான் இறக்கி எடுத்துக்கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. நாள் முழுக்க அதிகாரிகளோடு மூன்று மொழியிலும் சண்டை பிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். கல்யாணம் செய்தது ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில். ரொக் இசை என்றால் அவளுக்குத் தலையிடி.

“உன்ட பாட்டும் கூத்தும் எனக்குத் தேவையில்ல,” என்றாள். “உன்னைப் பொலிஸ் பிடிச்சா கதைச்சு எடுக்கிறதுக்கு மட்டும்தான் வாறன்.”

பதாகையை என் நண்பன் ஃபாஸில் செய்து தந்தான். அவனுடைய மாமாவுக்கு வெள்ளவத்தையில் புடைவைக் கடை. கடையின் பழைய பலகை ஒன்றின் பின்பக்கத்தில், சிவப்புப் பெயின்டில், ‘பாட்டை விற்காதே! மக்களை விரட்டாதே!’ என்று ஆங்கிலத்தில் எழுதினான். முன்பக்கத்தில் பெருநாள் விற்பனை விளம்பரம் அப்படியே இருந்தது.

“அதை அழிக்கேலாதாடா?”

“மாமா திருப்பிக் கேப்பாரு மச்சான். நீ இந்தப் பக்கத்தக் காட்டு. அவ்வளவுதானே?”

அவனும் வருவதாகத்தான் இருந்தான். கச்சேரியன்று மத்தியானம் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தங்கச்சியின் அலுவலகத்தில் இரண்டு தங்க டிக்கட் சும்மா கொடுத்தார்களாம். ‘மன்னிச்சுக்க மச்சான், உள்ளுக்குள்ள இருந்து எதிர்ப்பன்.’

மற்ற அறுபத்திரண்டு பேரில் ஒருவர் வந்துவிட்டார் என்று நினைத்தோம். எங்களுக்குப் பின்னால் அரை மணித்தியாலம் பொறுமையாக நின்றார். பிறகுதான் இது டிக்கட் வாங்கும் வரிசையா என்று கேட்டார். இல்லை என்றதும் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆக, நானும் அக்காவும் மிஞ்சினோம். வெயில் நெருப்பாக எரித்தது. அக்கா குடை பிடித்தாள். நான் பலகை பிடித்தேன். காவலாளி வந்து ‘மல்லி’ (தம்பி) என்று சிங்களத்தில் கூப்பிட்டு, “கொஞ்சம் அங்கால போய்ப் பிடிக்க ஏலுமா? வாகனம் வரப்போகுது,” என்று கெஞ்சலாகக் கேட்டார். நான் போகத் திரும்பினேன். (போராளிக்குப் பணிவும் வேண்டும்.) அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “எங்க போறாய்? இது றோட்டு. நில்!”

அப்போது அந்த வான் வந்து, வாசல் திறப்பதற்காக எங்களுக்கு முன்னால் நின்றது. பின் கண்ணாடி கீழே இறங்கியது.

அவர்தான்.

இதை எப்படிச் சொல்வது? கோபுரத்திலேயே பார்த்துப் பழகிய ஒரு சிலை, இறங்கி வந்து பக்கத்துக் கடையில் பால் வாங்கினால் எப்படியிருக்கும்? அதே தாடி. ஆனால் படத்தில் தெரியாத சுருக்கங்கள். கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன மரு. ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல். அவரும் மூச்சு விட்டார். எனக்கு அதுவே பெரிய அதிசயமாக இருந்தது. பதினொரு நாட்கள் குளியலறையில் ஆங்கிலத்தில் பேசிப் பழகிய என் உரை, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை, ஒரேயடியாக அழிந்துபோனது.

அடுத்த உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அதைத் தமிழில்தான் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுகிறார்கள். ஆகவே அப்படியே தருகிறேன்.

“என்ன பிரச்சினை?” என்றார் பாடகர். அந்தக் குரல்! எட்டு வருடம் என் காதுக்குள் இருந்த குரல், என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறது.

நான் வாயைத் திறந்தேன். “வெல்கம் சேர்,” என்று மட்டும் வந்தது.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. “இவன் என்ட தம்பி. நீங்கள் டிக்கட் விலையில சனத்தைக் கொள்ளையடிக்கிறீங்கள் எண்டு சொல்லுறான். ஏனெண்டு இவனையே கேளுங்கோ.”

பாடகர் என் பக்கம் திரும்பினார். “அப்படியா சொன்னீங்கள்?”

அந்தக் கண்கள் என்னை நேராகப் பார்த்தன. என் வாயிலிருந்து வந்ததை நானே வெளியாள்போல நின்று கேட்டேன்.

“இல்ல சேர். உங்களை இல்ல. அது... வேற ஒரு பேண்ட்.”

அந்த மாதம் இலங்கைக்கு வந்த ஒரே பேண்ட் அவர்களுடையதுதான். பாடகர் என்னையும், என் கையிலிருந்த பலகையையும் பார்த்தார். பதற்றத்தில் நான் பலகையை மறுபக்கம் திருப்பிவிட்டிருந்தேன். அதில் மூன்று மொழியிலும் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: ‘பெருநாள் அதிரடி! எல்லாச் சாரிகளுக்கும் ஐம்பது வீதக் கழிவு!’

வானுக்குள் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாடகர் சிரிக்கவில்லை. அக்காவிடம் கேட்டார்: “உண்மையில் என்ன நடக்குது? நீங்கள் சொல்லுங்கோ.”

அக்கா சொன்னாள். துறைமுகத்தில் கொள்கலன் எடுக்கிற அதே குரலில், அவசரமில்லாமல் சொன்னாள். ஆகக் குறைந்த டிக்கட்டின் விலைக்கு ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் சாப்பாடு வரும் என்று சொன்னாள். பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு நாளாக றோட்டில் பந்து அடிக்கிறதையும், வடைக்காரிகளை எங்கே அனுப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாததையும் சொன்னாள். கடைசியாகக் கறுப்புத் துணியைக் குடையால் சுட்டிக் காட்டினாள். “இது சனத்தின்ட இடம். சனத்தின்ட கண்ணையே கட்டி வைச்சிருக்கு.” ஐந்நூறு பேர் பகிர்ந்த என் கட்டுரையில் இப்படி ஒரு வரி இருக்கவில்லை.

முன் இருக்கையில் இருந்த ஏற்பாட்டாளர், துணி பாதுகாப்புக்காகத்தான் என்று அவசரமாக விளக்கினார். பாடகர் துணியைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி ஏறியது. வான் உள்ளே போனது.

நான் நடைபாதையில் குந்திவிட்டேன். அக்கா என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “வேற பேண்ட்,” என்று ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினாள்.

உடனே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சூரியன் கடலுக்குள் இறங்குகிற நேரம் முதல் பாட்டு தொடங்கியது. துணிக்கு இந்தப் பக்கத்திலும் நிலம் அதிர்ந்தது. ஒன்றும் தெரியாவிட்டாலும் நாங்கள் எழுந்து நின்றோம். முச்சக்கரவண்டிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டினார்கள். நடக்க வந்த குடும்பங்கள் நின்றன.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது தொடங்கவில்லை. ஒலிபெருக்கியில் பாடகரின் குரல் மட்டும் கேட்டது.

“அந்தக் கறுப்புத் துணி இறங்கினால்தான் அடுத்த பாட்டு. எனக்கு அவசரமில்லை. நான் காத்திருப்பேன்.”

உள்ளே ஒரு சலசலப்பு. பிறகு வேலியோரமாக ஆட்கள் ஓடுகிற சத்தம். ஒரு முடிச்சு அவிழ்ந்தது. இன்னொன்று அவிழ்ந்தது. கடற்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. துணி முழுவதும் பாய்மரம்போல உப்பி, சரிந்து விழுந்தது. அதற்குப் பின்னால் மேடை, வெளிச்சம், அவர்! றோட்டில் நின்ற நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் “ஆ...” என்றார்கள். நானும் சொன்னேன். அந்தச் சொல்லை என் வாழ்நாளில் அவ்வளவு உண்மையாகச் சொன்னதில்லை. சோபாவில் இருந்தவர்கள் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் அவர்களைப் பார்க்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நான் இன்று தலைநிமிர்ந்து நடப்பேன். அவர் தொடர்ந்தார்.

“வெளியில் ஒரு தம்பி நிற்கிறார். டிக்கட் விலையை எதிர்த்து வந்தவர். ஆனால் எங்களை எதிர்த்து இல்லையாம். வேற ஒரு பேண்டை எதிர்த்தாம். இந்தப் பாட்டு அவருக்கு. அந்த மற்ற பேண்ட் வெட்கப்படட்டும்!”

மைதானம் முழுக்கச் சிரித்தது. வேலிக்கு வெளியேயும் சிரித்தார்கள். யார் அந்தத் தம்பி என்று பக்கத்தில் நின்ற முச்சக்கரவண்டிக்காரர் கேட்டார். தெரியாது என்றேன். அக்கா தன் விரலால் என்னைக் காட்டிக் கொடுத்தாள்.

அவர் பாடத் தொடங்கியது என் பாட்டு. பதினேழு வயதில், இரவு முழுக்கப் போர்வைக்குள் கேட்ட பாட்டு. ஒருநாள் நேரில் கேட்டால் என்ன செய்வேன் என்று ஆயிரம் தடவை கற்பனை செய்திருக்கிறேன். அவமானத்தில் காது சுட, இடிபட்ட காரைப் போலக் கம்பியில் சாய்ந்துகொண்டு கேட்பேன் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. ஆனாலும் அந்த இரண்டாவது சரணத்தில், கடல் ஒரு பக்கம் இரைய, அவர் குரல் மேலே மேலே போனபோது, எனக்கு என் பெயரே மறந்துபோனது. அவமானமும் எங்கோ கரைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். ரொக் இசை தலையிடி என்ற அக்கா, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது.

“தூசி,” என்றாள்.

டிக்கட் விலை ஒரு சதமும் குறையவில்லை. அவர் நியாயவாதியா, நல்ல நடிகரா என்று எனக்கும் அக்காவுக்கும் இன்னும் வழக்கு முடியவில்லை. “துணியைத்தானே இறக்கினவர், வந்த காசைத் திருப்பிக் குடுத்தவரோ?” என்பாள் அவள். “சொல்லாட்டி அந்தத் துணியும் இறங்கியிராது,” என்பேன் நான். “சொன்னது ஆர்?” என்பாள்.

அக்காவைக் கட்டிய அத்தான் விஷயத்தைக் கேள்விப்பட்ட அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “பேதுருவே யேசுவைத் தெரியாது எண்டு மறுதலிக்க மூண்டு தரம் எடுத்தவர். அதுக்கும் இரவிருட்டு, பயம் எண்டு காரணம் இருந்தது. நீ பட்டப்பகலில, ஒரே தரத்தில முடிச்சிட்டாய்.”

ஏழு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் இன்று எவரும் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்வதில்லை. கடைசிக் கட்லட்டைத் தின்றது யார்? வேற ஒரு பேண்ட். மின்விசிறியை நிறுத்தாமல் போனது யார்? வேற ஒரு பேண்ட். எனக்குக் கல்யாணமாகி, நாலு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். பேண்ட் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் கண்ணில் படாமல் வசித்துக்கொண்டு, கிளாஸ் உடைத்து, சுவரில் கிறுக்குகிற ஒரு ஆள் என்று நம்புகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது, பேண்டுக்கும் பசிக்கும், ஒரு தட்டு வையுங்கோ என்று அடம்பிடித்தாள். அம்மா மறுபேச்சில்லாமல் ஒரு தட்டு வைத்து, சோறு போட்டு, மீன் குழம்பும் விட்டார்.

“பாவம்,” என்றார். “அவ்வளவு பழியையும் சுமக்குது.”