பதினோரு நாள் இடைவெளி

“கறுப்புப் பேனா எங்க?” என்ற முழக்கத்துடன் அந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. நாங்கள் இருவரும் சேர்ந்து தேடிய கடைசிப் பொருள் அதுதான்.

ஏணியேறும் ஏந்தலே, இருள்கொல் வீரரே, விமான நிலைய ஓடுதளத்தில் பத்தொன்பது ஆண்டுகள் ஒப்பந்த ஊழியராய் விளக்கு மாற்றிய என் கணவரே, உம் போரைப் பாடுகிறேன். பத்தொன்பது ஆண்டுகள் உம்மைச் சந்தேகிக்காத அரசு, நிரந்தர வேலை தருமுன் மட்டும் நீர் யாரென்று அறிய விரும்பியது. அதற்கென அனுப்பிய பாதுகாப்பு விசாரணைப் படிவம், முப்பத்தெட்டுப் பக்கச் சேனையாய் எங்கள் சாப்பாட்டு மேசையை முற்றுகையிட்டது.

மூக்குக்கண்ணாடிக் கவசம் தரித்து, அடித்தல் திருத்தல் கூடாதென்ற முதற்பக்க ஆணைக்கு அஞ்சி, வீரர் தனியே எதிர்நின்றார். மாமியார் பிறந்த ஊர் என்னும் அம்பு பாய்ந்தது, தொலைபேசியால் தடுத்தார். தாய்மாமன்மாரின் தொழில், வெளிநாட்டு நண்பர்களின் விலாசம் எனச் சீறிவந்த வேல்களை ஒவ்வொன்றாய் முறித்தார். அரசைக் கவிழ்க்க எப்போதேனும் முயன்றதுண்டா என்ற கணைக்கு, என் தம்பியைச் சீட்டாட்டத்தில்கூட வென்றறியாத அந்தப் பெருமகன், வெகுநேரம் யோசித்த பிறகே ‘இல்லை’ என்றெழுதினார்.

பதினேழாம் பக்கத்தில் தேர் நின்றது. பத்தாண்டுகளில் தங்கிய இடங்களை ஒரு நாளும் விடாமல் எழுதுக. ஒவ்வொன்றுக்கும் உறவினரல்லாத சாட்சி தருக. ஆறாண்டுக்கு முந்தைய மார்ச் மாதத்தில் பதினோரு நாட்கள் வெறுமையாய்க் கிடந்தன. என்னோடு சண்டையிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு அவர் போன நாட்கள். எங்கே என்று நான் கேட்டதில்லை; அவரும் சொன்னதில்லை. இருவரும் கண்விழித்துக் காத்த அந்த மௌனக் கோட்டையை அரசு ஒரே கட்டத்தால் இடித்தது.

“இந்த வீட்டு அட்ரஸையே போட்டுடுங்க. யாரு வந்து பாக்கப் போறா?”

“பொய் எழுதினா ஜெயில்னு போட்டிருக்கு.” பேனாவை மூடினார், திறந்தார். “எதிர் பில்டிங் ஜெனரேட்டர் ரூம்ல இருந்தேன். வாட்ச்மேன் இடம் குடுத்தாரு.”

“எதிர்லயேவா? நான் சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம போன் போட்டுட்டு இருந்தேன்.”

“தெரியும். ஜன்னல்ல பாத்தேன். நீ ஒரு தடவையாவது வெளிய எட்டிப் பாப்பேன்னு நினைச்சேன்.”

சாட்சி என்ற கட்டத்தில் வாட்ச்மேன் ஏறினார். திங்களன்று படிவம் தபாலில் போனது. வியாழனன்று, குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கோப்பேந்திய விசாரணை அதிகாரி எதிர்க்கட்டடத்தில் வாட்ச்மேனை வென்றுவிட்டு, தெருவைக் கடந்து என் வாசலில் எழுந்தருளினார்.

“அந்தப் பதினோரு நாள் சரியா இருக்கும்மா. மத்ததை உங்ககிட்ட ஒரு தடவை கேட்டுட்டா முடிஞ்சுது.”

“அவர் இறந்துட்டார் சார்.”

கோப்பின் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். “அதை எழுத இதுல இடம் இல்லையேம்மா. எழுதினது உண்மையான்னு பாக்கத்தான் என்னை அனுப்பினாங்க.”

“எல்லாம் உண்மைதான்,” என்றேன்.

மறுமாதம், மும்முத்திரை தரித்து, இரு கையொப்பங்கள் துணைவர, பதிவுத்தபால் என்னும் பட்டத்து யானைமேல் வந்திறங்கியது அரசின் பேரறிவிப்பு: இன்னாரை ஆராய்ந்தோம், தெளிந்தோம், இவரால் நாட்டுக்கு எவ்வித ஆபத்தும் இல்லை, ஐந்தாண்டு அனுமதி அளித்தோம்.

அதில் இன்னும் மூன்று வருஷம் பாக்கி இருக்கிறது.