கடைசி பஸ்ஸும் முதல் ஓலையும்

"பஸ் போயிடும் புஷ்பா" என்றேன்.

போய்விட வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் குரலில் நல்ல அவசரம் இருந்தது. எனக்கே திருப்தியாக இருந்தது.

புஷ்பமேரி திரும்பிப் பார்க்கவில்லை. மீனில் மசாலா இன்னும் ஊறவில்லை என்றாள். காலையிலிருந்து அது ஊறிக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டால் நீந்திப் போய்விடும் என்று தோன்றியது. நான் சொல்லவில்லை. ஊறட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் இருந்தது காவிரிக்கு நடுவில் ஒரு மணல் திட்டு. ஒகேனக்கல்லில் தண்ணீர் குறைகிற மாதங்களில் இப்படிச் சில திட்டுகள் தலைகாட்டும். நாலு பாறை, ஒரு புங்கமரம், மிச்சமெல்லாம் மணல். பரிசல் இல்லாமல் வரவும் முடியாது, போகவும் முடியாது. அதற்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். பரிசல்காரன் நஞ்சப்பன் காலையில் என்னையும் மனைவியையும் என் தங்கை ரோசம்மாவையும் இங்கே இறக்கிவிட்டான். பெண்கள் இருவரும் பாத்திரங்களோடு முன்னால் போனதும் அவன் கையில் ஒரு கட்டு பீடியைத் திணித்தேன். கடைசி பஸ் கிளம்பிப் போன பிறகு வந்தால் போதும் என்றேன். அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு ஆற்றைப் பார்த்தான். சரிங்க சார் என்றான். அவன் தோள் ஏன் குலுங்கியது என்று நான் யோசிக்கவில்லை. துடுப்புப் போடுகிறவனுக்குத் தோள் குலுங்கத்தானே செய்யும்.

நான் தர்மபுரியில் ஒரு அரசாங்க ஆபீஸில் கிளார்க். பெயர் வியாகுலம். ஆபீஸில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை. அதில் வருத்தம் இல்லை, வீட்டிலும் அதே நிலைதான் என்பதால் பழகிவிட்டது. ஆனால் வீட்டில் என் கட்சிக்கு ஒரு ஓட்டு இருந்தது. ரோசம்மா. புளிக்குழம்பில் உப்பு அதிகம் என்று நான் சொன்னால், ஆமாண்ணா என்பாள். சுவருக்குப் பச்சை அடிக்கலாம் என்றால், நல்லா இருக்கும்ணா என்பாள். சுவருக்கு மஞ்சள்தான் அடித்தார்கள். அது வேறு. தோற்கும்போதும் கூட ஒரு ஆள் இருந்தால் அது தோல்வி மாதிரி இருக்காது.

அந்த ஓட்டைத்தான் மச்சான் அருள்சாமி கொண்டுபோகப் பார்த்தான்.

அருள்சாமி என் மனைவியின் தம்பி. காரிமங்கலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை. எங்கள் வீட்டில் டி.வி. வாங்கிய பிறகு ஆன்டெனாவைத் திருப்ப ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தான். மாடியில் நின்றுகொண்டு, இப்பத் தெரியுதா என்பான். ரோசம்மா வாசலிலிருந்து, இன்னும் கொஞ்சம் திருப்புங்க என்பாள். ஒரு நாள் நான் உள்ளே உட்கார்ந்து டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. வெளியே அவள், இன்னும் கொஞ்சம் திருப்புங்க என்றாள். அவன் திருப்பினான். படம் போய்விட்டது. இப்ப நல்லாத் தெரியுது என்றாள்.

புஷ்பமேரி கல்யாணப் பேச்சை எடுத்தபோது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பையனிடம் ஒரு குறையும் இல்லை. குடிப்பழக்கம் இல்லை, கடன் இல்லை, பூசைக்கு முன்வரிசையில் நிற்கிறான். இப்படிப்பட்டவனை எப்படி மறுப்பது. பார்க்கலாம் என்றேன். தைப் பொங்கலுக்கும் பார்க்கலாம் என்றேன். அதற்குப் பிறகும் அதையே சொன்னேன்.

எங்கள் கோயிலில் ஒரு முறை உண்டு. கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண் பெயரையும் பையன் பெயரையும் வாசிப்பார்கள். ஓலை என்போம். தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். மூன்று ஓலையும் முடியாமல் எங்கள் பங்குச் சாமியார் தாலியைத் தொடமாட்டார். விபூதிப் புதன் வந்துவிட்டால் தவக்காலம். அதிலிருந்து ஈஸ்டர் முடிகிறவரை கல்யாணம் கிடையாது. காலண்டரைப் பார்த்தேன். புதனுக்கு முன்னால் சரியாக மூன்று ஞாயிறு பாக்கி இருக்கும் சமயமாகப் பார்த்து, அதில் ஒன்றைத் தின்றுவிட்டால் போதும். ஈஸ்டருக்குள் ஓசூரில் ஏதாவது கம்பெனி அருள்சாமியைக் கூப்பிட்டுக்கொள்ளும். அங்கே எத்தனையோ ஆன்டெனா.

அப்படித்தான் இந்த விடுமுறை பிறந்தது. ஒகேனக்கல்லில் வேலை பார்க்கும் நண்பர் ஊருக்குப் போகிறார், அவருடைய குவார்ட்டர்ஸ் ஒரு வாரம் காலி, போகலாமா என்று கேட்டேன். சனிக்கிழமை போய் அடுத்த சனிக்கிழமை திரும்பிவிடலாம், அன்று ராத்திரியே சாமியாரைப் பார்த்து ஓலைக்குச் சொல்லிவிடலாம், ஞாயிறு முதல் ஓலை என்றேன். புஷ்பமேரி உடனே சரி என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் உடனே சரி என்றதில்லை. அந்த இடத்தில் ஒரு புத்திசாலி உட்கார்ந்து யோசித்திருப்பான். நான் பெட்டி கட்டினேன்.

இப்போது அந்த அடுத்த சனிக்கிழமை. வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

"நஞ்சப்பனை இன்னும் காணோமே" என்று கரையைப் பார்த்துக் கையைக் காட்டினேன். "சாமியார் எட்டு மணிக்கெல்லாம் கதவைச் சாத்திடுவாரு."

"வருவாங்க. நீங்க இன்னொரு முழுக்குப் போட்டுட்டு வாங்க" என்றாள் புஷ்பமேரி.

நான் முழுக்குப் போட்டேன். தண்ணீருக்குள் சிரித்தேன். இவள் இப்படி ஒத்துழைப்பாள் என்று கனவிலும் நினைக்கவில்லை. வந்து பார்த்தால் மீன் அப்போதுதான் எண்ணெயில் விழுந்திருந்தது. விறகு ஈரம் என்றாள். பிறகு வளையல் ஒன்று மணலில் விழுந்துவிட்டது என்று தேடினாள். நானும் சேர்ந்து தேடினேன். அது என் காலடியில் கிடந்தது. மிதித்து மறைத்துக்கொண்டேன். ரோசம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாழை இலையை நறுக்கப் போய்விட்டாள்.

அப்போது ஹாரன் கேட்டது. பென்னாகரம் மலை வளைவில் பஸ் ஏறும்போது அடிக்கிற நீளமான ஹாரன். இன்னொரு வளைவு, இன்னொரு ஹாரன். பிறகு அருவிச் சத்தம் மட்டும்.

நான் பாறையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன். இதை முந்தின நாள் குளியலறையில் பழகிப் பார்த்திருந்தேன்.

"போச்சு. எல்லாம் போச்சு" என்றேன். "நாளைக்கு ஓலை வாசிக்க முடியாது. இனி ரெண்டு ஞாயிறுதான் இருக்கு. ரெண்டு ஓலைக்குச் சாமியார் ஒத்துக்கமாட்டாரு. ஈஸ்டருக்கு அப்புறம்தான். அருள் மனசு என்ன பாடுபடும்."

புஷ்பமேரி மீனைத் திருப்பிப் போட்டாள்.

"நாளைக்கு ரெண்டாவது ஓலைங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. முதல் ஓலை இல்லாமல் இரண்டாவது எப்படி வரும் என்று கேட்டேன்.

"முதல் ஓலை போன ஞாயித்துக்கிழமை வாசிச்சாச்சு. நீங்க அப்ப இங்க எண்ணெய் தேய்ச்சுக்கிட்டுக் குப்புறப் படுத்திருந்தீங்க."

பஸ் ஏறுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், பெட்டிக்குப் பூட்டு வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அவளும் ரோசம்மாவும் நேராகச் சாமியாரிடம் போயிருக்கிறார்கள். காரிமங்கலத்திலிருந்து மாமியாரும் அருள்சாமியும் அங்கே வந்துவிட்டார்களாம். ஓலை வாசித்தாகிவிட்டது என்கிற சேதி திங்கட்கிழமையே பஸ் கண்டக்டர் வழியாக வந்துவிட்டது. அவர் கொண்டுவந்து கொடுத்த முறுக்கை ஒரு வாரமாக நான்தான் தின்றுகொண்டிருந்தேன்.

"அப்ப எதுக்கு என்னை இங்க உட்கார வச்ச?"

"நாளைக்கு நீங்க கோயில்ல இருக்கக் கூடாதுன்னுதான். காலை பஸ் போய்ச் சேர்றதுக்குள்ள பூசை முடிஞ்சிடும். தடை இருக்கான்னு கேப்பாங்க. நீங்க இருக்குன்னு சொல்லமாட்டீங்க. எந்திரிச்சு நின்னு இருமுவீங்க. அது போதுமே சாமியாருக்கு."

நான் இருமினேன். தானாக வந்தது.

ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. பெண்ணுக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை. அண்ணன் நேரில் வராமல் எங்கள் சாமியார் எப்படிப் பெயரை எழுதினார். கேட்டேன். புஷ்பமேரி முதல் தடவையாகத் தயங்கினாள்.

"உங்களுக்கு மூலம், நடக்க முடியல, வைத்தியத்துக்கு ஒகேனக்கல் போறீங்கன்னு சொன்னோம். அவரு ரொம்ப வருத்தப்பட்டாரு. ஞாயித்துக்கிழமை பூசையில உங்களுக்காக வேண்டிக்கச் சொன்னாராம்."

"பூசையிலயா? பேர் சொல்லியா?"

"பேர் சொல்லாம எப்படிங்க வேண்டிக்க முடியும்?"

தர்மபுரி டவுனிலும் சுற்றுப்பட்டிலும் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் அத்தனையும் என் மனக்கண்ணில் முழங்காலில் நின்றன. எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டும் நின்றார்.

"உனக்கு வேற வியாதியே கிடைக்கலையா?" என்றேன்.

"சொன்னது நான் இல்லைங்க. உங்க தங்கச்சி."

ரோசம்மா இலையைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் ஒரே ஓட்டு. அவள் நிமிரவில்லை. ஆனால் பதில் சொன்னாள்.

"காய்ச்சல்னு சொன்னா வூட்டுக்கு வந்து பார்ப்பாருண்ணா. கால் சுளுக்குன்னா ஆள் விட்டுத் தூக்கிட்டு வரச் சொல்லுவாரு. இதுக்குத்தான் யாரும் வந்து பார்க்கமாட்டாங்க."

இவளுக்கு இவ்வளவு யோசிக்க வரும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் இந்த மூளை என் கட்சியில் இருந்திருக்கிறது. நான் அதைச் சுவருக்குப் பச்சை அடிக்கலாமா என்று கேட்கப் பயன்படுத்தியிருக்கிறேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"நீங்க வேண்டாம்னு ஒரு தடவை சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன். பொங்கல் வரைக்கும் காத்திருந்தேன். நீங்க பார்க்கலாம்னுதானே சொன்னீங்க." இலையை உதறினாள். "நீங்க பார்ப்பீங்கன்னு இருந்தா எனக்கு வயசாயிடும்ணா."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம். மூவரும் சாப்பிட்டோம். மீன் நன்றாக ஊறியிருந்தது. காரம் சரியாக இருக்கிறதா என்று புஷ்பமேரி கேட்டாள். கொஞ்சம் அதிகம் என்றேன். பழக்கத்தில் ரோசம்மாவைப் பார்த்தேன். அவள் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

சரியாக இருக்கு என்று மாற்றிச் சொன்னேன்.

இலைகளை எடுத்துப் போட்டபோது நஞ்சப்பன் பரிசலை ஓட்டிக்கொண்டு வந்தான். பெண்கள் பாத்திரங்களை அள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் முன்னால் போய், ஏனப்பா, கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா என்று மெதுவாகக் கேட்டேன். யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது.

"நீங்கதானே சார் பஸ் போனதும் வரச் சொன்னீங்க" என்றான். "அம்மாவும் நேத்தே வந்து அதையேதான் சொன்னாங்க. வெத்தல பாக்கு வச்சுச் சொன்னாங்க. எத்தனையோ குடும்பம் இங்க வருது சார். பரிசல் ஏறுறதுக்குள்ள சண்டை. உங்கள மாதிரி ஒத்துமையா இருக்கறவங்களை நான் பார்த்ததில்ல."

பரிசலின் அடியில் தண்ணீர் கசிந்து நின்றது. நஞ்சப்பன் காய்ந்த சாக்கு ஒன்றை எடுத்து நாலாக மடித்தான். இரண்டு தட்டுத் தட்டி மெத்தையாக்கினான். என் பக்கம் போட்டான்.

"மெள்ள உட்காருங்க சார். அம்மா எல்லாம் சொன்னாங்க" என்றான்.

புஷ்பமேரி பாத்திரங்களோடு ஏறினாள். ரோசம்மா புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார இடம் பார்த்தாள். அவள் பக்கமும் ஈரம்தான். நான் சாக்கை எடுத்து அவள் பக்கமாகப் போட்டேன். தண்ணீரிலேயே உட்கார்ந்துகொண்டேன். நஞ்சப்பன் கரையைப் பார்த்துத் துடுப்பைப் போட்டான்.