கிராபிக்ஸ் கார்டுக்குத் தண்ணி காட்டிய படலம்

வாழிய! சங்கரன்கோவில் ரதவீதியில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில், 'பூமாரி டிஜிட்டல் ஸ்டூடியோ' என்னும் கோட்டையை மனைவி பெயரிலும் மாமனார் தயவிலும் எழுப்பி ஆள்பவனும், கல்யாண வீடியோக்களில் மணமக்கள் தலைமேல் ரோஜாமாரி பொழிவிப்பவனும், இருப்பது எதுவும் போதாது என்னும் அரிய நோயால் பீடிக்கப்பட்டவனுமாகிய சங்கரசுப்பிரமணியன் வாழிய! அவன் கையில் சுழன்ற ஸ்க்ரூட்ரைவரும் வாழிய! நடந்த அனர்த்தத்தில் அதற்குப் பெரும்பங்கு உண்டாகையால் அதை மட்டும் சற்றுக் குறைவாகவே வாழ்த்துவோம்.

அவனது கம்ப்யூட்டரின் நெஞ்சகத்தே ஒரு கிராபிக்ஸ் கார்டு வீற்றிருந்தது. எத்தனை மணி நேரப் படமானாலும் இமைப்பொழுதில் கோத்து வீடியோவாக வார்த்துத் தரும் இரட்டை விசிறித் தளபதி. வாரண்டி முடியாத வாலிபன். ஆனால் ஊரெங்கும் இரவும் பகலும் ஓடும் விசைத்தறிகள் உமிழ்ந்த பஞ்சுத்துகள் ஜன்னல் வழியே படையெடுத்து, அவ்விசிறிகளின் இண்டு இடுக்கெல்லாம் கூடாரமடித்துத் தங்கிவிட்டது. மூச்சுக்கு வழியின்றித் தளபதி கொதித்தான், உறுமினான், பாதி வீடியோவில் படுத்தும் கொண்டான்.

காரணம் பஞ்சு. நாம் அறிவோம், பூமாரியும் அறிந்தாள்.

"ஏங்க, அந்த ஃபேன்ல அப்பிக் கெடக்க பஞ்சத் தட்டிப் பாத்தா என்ன?" என்று அவள் தோசைக் கரண்டியும் கையுமாக வந்து கேட்டாள்.

வீரன் அவளை இரக்கத்தோடு நோக்கினான். தூசி தட்டிப் புகழ் எய்தியவர் எவருளர்?

அவ்வேளையில் போர்முரசம் ஒலித்தது. அதாவது போன் அடித்தது. பேசியவர் கடையநல்லூர் ஜவுளி வியாபாரி மன்சூர் அலி. மகள் ரூபியாவின் கல்யாணத்தை வீடியோ எடுத்தவன் நம் வீரனே.

"ஏ சங்கரா, மாப்ள ஞாயித்துக்கெழம துபாய்க்கு ஏறுதாரு. அவுக வாப்பா அங்கன கால ஒடிச்சுக்கிட்டுக் கெடக்காரு. பெத்த மகன் கல்யாணத்தக் கண்ணால பாக்கல. சனிக்கெழம ராத்திரிக்குள்ள வீடியோவ தந்திரணும் வே."

ஒடிந்த காலுடன் கடல்கடந்து காத்திருக்கும் ஒரு தகப்பனின் கண்கள் இப்போது அந்தக் கொதிக்கும் கார்டை நம்பியிருந்தன. மேலநீலிதநல்லூரிலிருந்து வந்திருந்த மச்சினன் இசக்கித்துரைக்கு மனசு கேட்கவில்லை.

"அத்தான், என் லேப்டாப்பக் கொண்டாரட்டுமா? மெதுவாத்தான் ஓடும். ஆனா ஓடும்."

பொங்கியெழுந்தான் சங்கரசுப்பிரமணியன். "கேளுங்கள், எண்திசைகளே! மூலையில் கீறல் விழுந்த அந்த லேப்டாப்பை இவ்விரல்கள் தீண்டுமாயின், இவை மவுஸ் பிடித்த விரல்கள் அல்ல! நீர்கொண்டு இவ்வனலை வெல்வேன்! இது என் ஸ்டூடியோ மேல் ஆணை!"

"என்னது, கம்ப்யூட்டருக்குத் தண்ணி காட்டப் போறியளா?" என்று கேட்டுவிட்டு இசக்கித்துரை ஊருக்கு பஸ் ஏறினான்.

எங்கள் சீமையில் தண்ணி காட்டுவதென்றால் மாட்டைத் தொட்டிக்கு ஓட்டிப்போவது. ஒருவனை ஏய்த்து அலைக்கழிப்பதற்கும் அதே பெயர்தான். இங்கே யார் யாருக்கு எதைக் காட்டப் போகிறார்கள் என்பது வெள்ளிக்கிழமை வரை தெரியவில்லை.

வெள்ளி காலை கூரியரில் வந்து சேர்ந்தன படைக்கலங்கள்: நீரைச் சுழற்றும் பம்பு, சூட்டை உறிஞ்சும் செப்புக்கட்டி, குடலனைய இரு குழாய்கள், காற்றாடி பூட்டிய ரேடியேட்டர். போர்க்கலையை அவன் வீடியோ பார்த்துக் கற்றிருந்தான். எச்சரிக்கை வரும் இடங்களை மட்டும் ஓட்டிவிட்டுக் கற்றிருந்தான். 'பிரித்தால் வாரண்டி இல்லை' என்ற ஸ்டிக்கர் மானமுள்ள காவலனாக ஆணியின் தலைமேல் அமர்ந்திருந்தது. அதை நகத்தால் கிழித்தான். பிறந்தநாள் முதல் தளபதியைக் காத்துவந்த விசிறிகளைக் கழற்றிப் பஞ்சோடு மூலையில் எறிந்தான். செப்புக்கட்டி நடுச் சிப்பை மட்டுமே மூடியது. சுற்றிநின்ற மெமரி சிப்புகள் குடையிழந்த குடிகளாய் வெந்துகொண்டு நிற்கட்டும் என்று விட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு ஆணிகளை முறுக்கினான். கார்டு லேசாக வளைந்தது. அதை அவன் வணக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

இனி நீர். 'டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுக' என்றது கூடவந்த காகிதம். பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும். ஆனால் நம் ஊரில் குழாயில் வந்தால் அது தண்ணீர், கேனில் வந்தால் அது மினரல் வாட்டர். அதற்குமேல் தூய நீர் தேவலோகத்திலும் கிடையாது. மினரல் என்றால் உப்புவகை என்பதும், உப்புள்ள நீரில் மின்சாரம் உற்சாகமாக ஓடும் என்பதும் பள்ளியில் பாடமாக நடந்த அன்று நம் வீரன் தலைவலி என்று வீட்டில் இருந்தவன். கேனைக் கவிழ்த்தான். கங்கை இறங்கினாற்போல் களகளவென்று நிறைந்தது.

'பம்பை மட்டும் ஒருநாள் முழுக்க ஓடவிட்டு, அடியில் காகிதம் விரித்து ஒழுக்கு உண்டா எனப் பார்க்க' என்றும் அந்தக் காகிதம் கெஞ்சியது. ஆனால் பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கிறது! ராகுவுக்கு அஞ்சுபவன் ஒழுக்குக்கு அஞ்சுவானா? எலுமிச்சம்பழம் ஒன்றை கேபினெட் மேல் வைத்து, சூடம் காட்டி, பத்து இருபத்தைந்துக்கு சுவிட்சைப் போட்டான்.

குளிர்ந்தது! உறுமல் ஓய்ந்தது. திரையில் வெப்ப அளவு இறங்கிற்று; ரூபியாவின் மாப்பிள்ளை குதிரைமேல் பவனி வந்தார்.

"வென்றேன்! மேலநீலிதநல்லூருக்குச் சொல்லியனுப்புங்கள், வென்றேன்!" என்று முழங்கினான்.

அக்கணம், ராகுகாலத்துக்குப் பயந்து அரைகுறையாகத் திருகிய குழாய்மூட்டில் முத்தெனப் பிறந்து, மூக்குத்தியெனத் தொங்கி, உலகோர் தூயதென்று பருகும் மினரல்கள் அனைத்தையும் வயிற்றில் சுமந்து, கார்டின் விளிம்பில் வழுக்கி, அது மதர்போர்டில் செருகி மின்சாரம் வாங்கும் தங்கநிறக் கால்களின் நடுவே சென்று அமர்ந்தது ஒரேயொரு துளி. அதன் பின்னால் அதன் சுற்றத்தார் அனைவரும் இறங்கினர்.

டப்.

குதிரை நின்றது. கரிந்த நாற்றம் எழுந்தது. கார்டு மாண்டது, மதர்போர்டு உடன்கட்டை ஏறியது, பவர்சப்ளை ஒரு பொறியைக் கக்கிவிட்டுக் கண்மூடியது. எலுமிச்சம்பழம் மட்டும் காயமின்றி இருந்தது. கார்டை விற்ற கடைக்குப் போன் செய்தான்.

"ஸ்டிக்கர் இருக்கா சார்?" என்று அங்கே ஒரு பெண்குரல் வினவியது. வீரன் போனை வைத்துவிட்டான்.

நல்லவேளை, படம்பிடித்த கேமரா மெமரி கார்டுகள் பூமாரியின் பீரோவில் இருந்தன. அவனை நம்பி அவள் எதையும் வெளியே வைப்பதில்லை. அவற்றை எடுத்துவந்து அவன் கையில் திணித்தாள். பிறகு மூலையில் கிடந்த பழைய விசிறியை எடுத்து, வாயால் ஒரே ஒரு ஊது ஊதினாள். மேலே பறந்த பஞ்சு, மணமக்கள் தலையில் ரோஜாமாரி பொழிவித்த அந்த மாவீரன் தலைமேல் மெல்ல வந்து இறங்கியது.

"இவ்வளவுதாங்க வேல," என்றாள்.

அவன் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மத்தியான டவுன் பஸ்ஸில் ஏறி, மச்சினனிடம் லேப்டாப் கேட்க மேலநீலிதநல்லூருக்குப் போனான்.