பூட்டிய கக்கூசுக்கு அஞ்சு ஸ்டார்

காங்கேயம் ரோட்டு முதியோர் இல்லத்தில், தர ஆய்வு நாளன்று விடிந்ததுமே கக்கூசைப் பூட்டிவிட்டார்கள். ஆள் போனால்தானே கக்கூஸ் அழுக்காகும்?

மாசாணியம்மாளுக்கு இந்த நியாயம் புரிந்தது. மூத்திரப்பைக்குத்தான் புரியவில்லை.

“ஏனுங்க தம்பி, அவசரமுங்க” என்றாள் மேனேஜர் கிருபாசங்கரிடம்.

“ஆபீசர் போற வரைக்கும் பொறுத்துக்குங்கம்மா. தரை ஈரமா இருந்தா ஒரு ஸ்டார் போயிருமுங்க.”

“என்ற சேலை ஈரமானா?”

“அதுக்கு மார்க் கிடையாதுங்க.”

இத்தனை வயசுக்கு மேல் நாலு பேர் முன்னால் நனைந்து நிற்பதா? காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆய்வு அதிகாரி கோபாலசாமி வந்தார். கக்கூஸ் திறந்து காட்டப்பட்டது. “ஆகா, ஆள் புழங்கின அறிகுறியே இல்லையே!” என்று உள்ளம் பூரித்தார். மாசாணியம்மாள் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்வதற்குள், மேற்படி தரம் நிரந்தரமாகப் பேணப்பட வேண்டும் என்று ஆணையிட்டுத் தன் கையாலேயே சீல் வைத்துவிட்டார்.

அடுத்து, படிவத்தில் ‘முதியோர் கண்ணியம்’ என்ற கட்டத்துக்கு மார்க் போட அவளிடமே வந்தார். “ஏதாச்சும் குறை உண்டுங்களா?”

வந்தவர் வாய் நனைக்கும் முன்னால் குறை சொல்ல அந்தப் பக்கத்தில் யாருக்கும் நாக்கு எழாது. “மொதல்ல எளநி குடிங்க கண்ணு” என்றாள்.

குடித்தார். அடுத்த கட்டில் லட்சுமியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “அங்க குடிச்சுப்போட்டு இங்க வேண்டாம்னா எப்படிங்க?” அங்கேயும் குடித்தார். கட்டிலுக்குக் கட்டில் மரியாதை வழிந்தது.

திரும்பி வந்தபோது அதிகாரியின் நடையே மாறியிருந்தது. “சார், அந்தக் கக்கூசு...” என்று மேனேஜரிடம் இழுத்தார்.

“நீங்கதானுங்களே சீல் வெச்சீங்க” என்று கிருபாசங்கர் கை கட்டி நின்றார். “ஒடச்சா தரம் போயிருமுங்க.”

மாசாணியம்மாள் எழுந்தாள். “வாங்க கண்ணு, பின்னால தென்னந்தோப்பு இருக்குது. நீங்க அந்தக் கோடி, நானு இந்தக் கோடி.”

சேலை தப்பித்தது. அந்தக் கோடியில் அதிகாரி ஒரு கையில் போனைப் பிடித்து, ‘திறந்தவெளியில் ஒதுங்கும் பழக்கம் இங்கு அறவே இல்லை’ என்று அறிக்கையை முடித்தார்.

அஞ்சு ஸ்டார் வந்தது. ‘எங்கம்மா அஞ்சு ஸ்டார்ல இருக்காங்க’ என்று மாசாணியம்மாளின் மகன் கோயமுத்தூரிலிருந்து ஸ்டேட்டஸ் வைத்தான். அதைப் பார்த்தவர்கள் எல்லாம் தங்கள் அம்மாக்களுக்குக் கட்டில் கேட்டு வந்து நின்றார்கள். கக்கூஸ் எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கோபாலசாமியும் தன் அம்மாவோடு வந்தார். அவர் மட்டும் மேனேஜர் காதோரம் குனிந்து கேட்டார்:

“தோப்பு அப்படியே இருக்குதல்லங்க?”