நாலு பக்க ஜாஸ்

ஓய்வுபெற்ற இரண்டாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பியானோவில் ஜாஸ் வாசிப்பது என்று முடிவெடுத்தேன்.

அதற்கு முன்பு எடுத்த முடிவுகள் இவ்வளவு பெரியவை அல்ல. முப்பத்துநாலு வருடம் ஸ்கூட்டரில் ஊர் ஊராய்ப் போய்க் காணி அளந்தவன். சும்மா இருக்க ஏலாமல் குசினியை அளந்து, சீனிப் போத்தலையும் உப்புப் போத்தலையும் இடம் மாற்றி வைத்தேன். என் மனைவி அன்னப்பூரணி அன்று உப்புத் தேத்தண்ணி குடித்தாள். மத்தியானம்தான் வாய் திறந்தாள்.

"இஞ்சாருங்க, மகள்ட கீபோட் சும்மாதானே கிடக்கு. அதில எதையாவது பழகுங்களன்."

"எதையாவது பழகுற ஆள் நானில்ல. பழகினாப் பெரிசாப் பழகோணும்."

"பெரிசாப் பழகுங்க. கதவச் சாத்திட்டுப் பழகுங்க."

மகள் விதுர்ஷா கனடாவுக்குப் போகும்போது விட்டுப்போன கீபோட் அது. அதற்கொரு குருவும் தேவைப்பட்டது. முன்வீட்டு நிருஷா சங்கீத டீச்சர். தேவாலயப் பாடகர் குழுவுக்குப் பியானோ வாசிப்பவள். அவளிடம் போனேன்.

"முதல்ல சின்னப் பிள்ளையள்ட பாட்டு ரெண்டு பழகுவமா அங்கிள்?"

"கோயில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிச்ச கை பிள்ள இது. ஜாஸ் தா."

அவள் தேடி எடுத்து நாலு பக்கம் தந்தாள். தொண்ணூறு வருடப் பழைய அமெரிக்கப் பாட்டாம். ஓரளவு பழகியவர்களுக்காக இலகுவாக்கி எழுதியதாம். இலகுவாக்கியவருக்கு என் இடக்கையைத் தெரியாது. ஆர்மோனியத்தில் அதற்கு ஒரே வேலை, காற்றடிப்பது. ஜாஸிலும் அது காற்றுத்தான் அடித்தது. காணி வழக்குகளுக்காக என் உத்தியோக காலம் முழுவதும் நான் கோட்ஸ் படி ஏறியது மூன்று முறை. இந்தப் பாட்டிலோ, மூன்று நாலு கட்டையைச் சேர்த்து அமத்துகிற கோட்ஸ், ஒரு வரிக்கு நாலு. எல்லாவற்றிலும் எனக்கே தண்டனை.

தாளம் அதைவிட மோசம்.

"நேரா வாசிக்கிறீங்க அங்கிள். இது ஸ்விங். கொஞ்சம் நொண்டி நொண்டிப் போகோணும்."

முழங்கால் வலியில் நான் நொண்டினேன். விரல் மட்டும் நொண்ட மாட்டேன் என்றது.

முதலாம் பக்கம் ஒரு கிழமை. இரண்டாம் பக்கம் இரண்டு கிழமை. மூன்றாம் பக்கத்தில் பாட்டு சுரம் மாறியது, எனக்குக் காய்ச்சல் வந்தது. கதிரையில் இருக்க முடியவில்லை. இரண்டு வரி வாசிப்பேன், எழும்புவேன். ஜன்னலால் வாவியைப் பார்ப்பேன். தோணிக்காரர் வலை போட்டு, இழுத்து, மீனோடு போய்விடுவார். நான் அதே வரியில் நிற்பேன்.

"சத்தம் நிண்டிட்டு?" என்று குசினியிலிருந்து குரல் வரும்.

"யோசிக்கிறன்."

"கையாலதானே வாசிக்கிற?"

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் கேட்டுப் பழகட்டும் என்று நிருஷா அதே நாலு பக்கத்தையும் தான் வாசித்துப் பதிந்து போனுக்கு அனுப்பியிருந்தாள். மகளின் சின்ன ஸ்பீக்கர் ஒன்றும் அலுமாரியில் கிடந்தது. அதைக் கீபோட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, பாட்டைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்தி, போனில் சத்தமில்லாமல் கிரிக்கெட் பார்த்தேன்.

முதல் நாளே அன்னம் சொன்னாள், "நல்லா முன்னேறிட்டீங்க."

"உழைப்பு," என்றேன்.

இப்படிப் பத்து நாள் உழைத்தேன். பதினோராம் நாள் காலை கதவு திறந்தது. அன்னம் தேத்தண்ணியோடு நின்றாள். நான் போனைத் தொடைக்குக் கீழே தள்ளிவிட்டு, கட்டைகளில் விரலை ஓடவிட்டேன். தலையையும் ஆட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. கீபோட்டின் வெளிச்சம் அணைந்தது.

பாட்டு நிற்கவில்லை. சின்ன ஸ்பீக்கரில் சார்ஜ் நிறைய இருந்தது. நாலாம் பக்கத்துக் கடைசிக் கட்டம், மிக அழகாகப் போய்க்கொண்டிருந்தது.

அன்னம் அது முடியும் வரைக்கும் நின்று கேட்டாள். கோப்பையை மேசையில் வைத்தாள்.

"அடுத்த ஞாயிறு இல்ல, அதுக்கடுத்த ஞாயிறு நாலு மணிக்கு ஆக்களக் கூப்பிட்டிருக்கன். நிருஷா, காத்தான்குடியில இருந்து ஹலீம் நானா குடும்பம், உங்களோட வேலை செய்த கந்தோர் ஆக்கள். எல்லாரும் உங்கட கையால கேக்கட்டும்."

"அன்னம், அது வந்து..."

"தேத்தண்ணி ஆறுது."

ஹலீம் என்னோடு இருபது வருடம் வேலை செய்தவன். என்னில் ஒரு பிழை பிடித்தால் பத்து வருடம் வைத்திருந்து சொல்வான். அன்று பின்னேரமே கதவைச் சாத்திக்கொண்டு நிசமாகவே வாசிக்கத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு ஏழு மணித்தியாலம். சாப்பாடு மேசையில் மூடியிருக்கும், சாப்பிட்டுவிட்டு ஓடுவேன். அன்னம் வீட்டில் நின்றாளா, வெளியே போனாளா, தெரியாது. இடக்கை மட்டும்தான் எனக்குத் தெரியும். எட்டாம் நாள் அது தானாக நொண்டியது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

ஞாயிறு வந்தது. விறாந்தையில் பத்துக் கதிரை போட்டு, சேட் மாற்றி, மூன்று மணிக்கே வாசல் படலையில் நின்றேன். நாலு மணிக்கு ஒருவரும் இல்லை. நாலரைக்கும் இல்லை. அன்னம் நல்ல சேலையில் வந்து நடுக் கதிரையில் இருந்தாள்.

"வாசிங்க."

"ஆக்கள்?"

"வாசிங்கவன்."

வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒருமுறை தடக்கி, விழாமல் எழும்பி, நாலாம் பக்கம் வரை போய் முடித்தேன்.

"நல்லாயிருக்கு," என்றாள். "உண்மையாத்தான்."

"ஹலீம் ஏன் வரல்ல?"

"நான் ஒருத்தரையும் கூப்பிடல்லயே."

எனக்குக் கோபம் வந்தது. என்னை உழைக்கவைக்க ஒரு பொய்யா என்று கேட்டேன்.

"உங்கள உழைக்க வைக்க இல்ல," என்றாள். "எனக்கு ரெண்டு கிழமை தேவைப்பட்டிச்சு."

எழும்பி வெளியே போனாள். பின்னால் போனேன். என் ஸ்கூட்டர் படலையடியில் நின்றது. முன்னுக்கும் பின்னுக்கும் வண்டி பழகுகிறவர்கள் மாட்டும் சிவப்பு எல் போட் கட்டியிருந்தது. ஸ்கூட்டர்த் திறப்பு அன்னத்தின் கையில்.

"ஆர் பழக்கின?"

"நிருஷாதான். ஒவ்வொரு நாளும் பின்னேரம், கல்லடிக் கடற்கரையில. படலை வரைக்கும் உருட்டிட்டுப் போய்த்தான் ஸ்டார்ட் பண்ணினன். நீங்க கதவத் திறக்கவேயில்ல."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே அன்னம். நானே பழக்கியிருப்பன்."

"அதாலதான் சொல்லல்ல."

ஹெல்மட்டை மாட்டிக்கொண்டு ஏறி இருந்தாள். ஸ்டார்ட் செய்தாள். மற்ற ஹெல்மட்டை என்னிடம் நீட்டினாள்.

"ஏறுங்க. பின்னால இருந்து வழி சொல்லப்படா."